ஒரு நோய்க்கு எத்தனை கையெழுத்து? (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், மருத்துவமனை வாசலில் ஃபைலோடு நிற்கும் உறவினர்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகும் கூட இருப்பவருக்குக் காகித வேலை இறங்குவதில்லை என்று. அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்: 14 ஆண்டுகள் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவேட்டு அறையிலும், அதன்பின் 17 ஆண்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலும் வேலை பார்த்தவள் நான். மருத்துவர் அல்ல. மருந்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். காகிதத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரே காலையில் ஏழு கவுண்ட்டர்களுக்கு ஏறி இறங்கினேன். அடுத்த ஆண்டு என் கணவருக்குத் தனியார் மருத்துவமனையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சேர்க்கும்போது நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வீடு திரும்பிய பின் ஐந்து மாதம் கடிதப் போக்குவரத்து ஓயவில்லை. உண்மையில் எங்கேதான் தொல்லை குறைவு? (ஓய்வு பெற்ற ஆசிரியை)

பதில்: ஆசிரியை அம்மா, நீங்கள் ஏறி இறங்கியது போன்ற கவுண்ட்டர் ஒன்றில் ஒரு காலத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே காகிதம் நோயாளியின் கையில் நடக்கும். வெளிநோயாளிச் சீட்டு, இரத்தப் பரிசோதனைச் சீட்டு, எக்ஸ்ரே சீட்டு, படுக்கைச் சீட்டு என்று ஒவ்வொன்றையும் நீங்களே வாங்கி, நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கால் வலிக்கும். ஆனால் எது எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினால் கணக்கு அன்றோடு தீர்ந்தது. நான்காம் நாள் எடுத்த ஸ்கேன் எதற்கு என்று ஆறு மாதம் கழித்து யாரும் கடிதம் எழுதிக் கேட்கமாட்டார்கள்.

தனியாரில் அதே காகிதம் சுவருக்குப் பின்னால் நடக்கிறது. உங்கள் கணவரைச் சேர்த்தபோது போட்ட இரண்டு கையெழுத்து, என்னைப் போன்றவர்கள் வேலையைத் தொடங்குவதற்கான அனுமதி. அதன்பின் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். முதலில் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்போம். நோய்க்கு ஒரு குறியீட்டு எண், சிகிச்சைக்கு ஒரு குறியீட்டு எண், எத்தனை நாள் தங்குவார், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் எழுதி முன் அனுமதிக்கு அனுப்புவோம். “கூடுதல் விவரம் தேவை” என்று பதில் வரும். அந்த விவரம் தெரிந்த டாக்டர் அறுவை அரங்குக்குள் இருப்பார். அவர் வெளியே வரும்வரை வாசலில் நின்று கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்புவோம். பாதித் தொகைக்கு ஒப்புதல் வரும். நோயாளி இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கடைசி நாளில் பில், மருந்து ரசீதுகள், ஒவ்வொரு பரிசோதனையின் அறிக்கை, ஸ்டென்ட் வந்த உறையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வரை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். காலையில் வார்டுக்கு வந்த டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நோயாளி சட்டையை மாற்றிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, மாலைவரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியை 17 ஆண்டுகள் பார்த்தேன்.

பதிவேட்டு அறையில் முழு மருத்துவமனைக்கும் நாங்கள் 6 பேர். காப்பீட்டுப் பிரிவில் நான் சேர்ந்தபோது 4 பேர் இருந்தோம். ஓய்வு பெற்றபோது 19 பேர். படுக்கைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பெருகியவை நாங்கள் பதில் சொல்லவேண்டிய நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனி விலைப்பட்டியல், தனி இணையதளம், தனி விதிகள்.

இது என் கண்ணில் பட்டது மட்டும்தானா என்றால் இல்லை, அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துச் செய்த ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவில் மருத்துவத்துக்குச் செலவாகும் தொகையில் 34.2 விழுக்காடு நிர்வாகத்துக்கே போனது. பக்கத்து நாடான கனடாவில் 17 விழுக்காடு. மருத்துவமனைகளை மட்டும் எடுத்து 2011ஐ ஒட்டிய கணக்குகளை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில், அமெரிக்க மருத்துவமனைச் செலவில் நிர்வாகத்தின் பங்கு 25 விழுக்காட்டுக்கும் மேல். கனடாவிலும் ஸ்காட்லாந்திலும் ஏறக்குறைய 12. நோயும் அறுவையும் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். காரணம் மிகச் சாதாரணமானது. கனடாவில் மாகாண அரசு ஒரு மருத்துவமனைக்கு ஓர் ஆண்டுக்கான தொகையின் பெரும்பகுதியை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. எந்தப் பஞ்சு எந்த நோயாளிக்கு என்று பிரித்துப் பில் போடும் வேலை அங்கே இல்லை.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் உங்களுக்கு நான் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். அரசு அமைப்பு பில்லில் மிச்சப்படுத்துவதைப் பல இடங்களில் நோயாளியின் நாட்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் பொது மருத்துவர் பரிந்துரைத்த 18 வாரத்துக்குள் 92 விழுக்காட்டினருக்காவது சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது விதி. நாடு முழுவதுமாகப் பார்த்தால் 2016க்குப் பிறகு அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2023இல் காத்திருப்போர் பட்டியல் 77 இலட்சத்தைத் தாண்டியது. மூட்டு தேய்ந்தவர் ஓராண்டு காத்திருந்தால், அந்த ஓராண்டும் “என் பெயர் பட்டியலில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா” என்று கேட்டுத் தொலைபேசி செய்துகொண்டே இருப்பார். அதுவும் நிர்வாகச் சுமைதான். எந்த மருத்துவமனையின் கணக்கிலும் அது ஏறாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் கண்ணால் பார்த்த தொல்லை அரசில் அதிகம். மொத்தத் தொல்லை தனியாரில் அதிகம். அதில் ஒரு பகுதியை மருத்துவமனை உங்களுக்காகச் சுமந்தது. அந்த 19 பேரின் சம்பளமும் நீங்கள் கட்டிய பில்லுக்குள்தான் இருந்தது.

கேள்வி: தனியார் நிறுவனம் லாபம் பார்க்கவேண்டியது. வீண் செலவு இருந்தால் அதை வெட்டிவிடும். அரசுக்கு அந்த நெருக்கடி கிடையாது. அப்படியிருக்கத் தனியாரில் நிர்வாகச் செலவு எப்படிக் கூடும்? (வணிகவியல் மாணவர்)

பதில்: தம்பி, நல்ல கேள்வி. “வீண்” என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. யாருக்கு வீண்? ஒரு காப்பீட்டு நிறுவனம் படிவத்தைச் சரிபார்க்க ஒருவரை நியமிக்கிறது. அவர் நிராகரிக்கும் தொகை அவருடைய சம்பளத்தைவிட அதிகமாக இருந்தால் நிறுவனத்துக்கு அது லாபம். அந்த நிராகரிப்பை எதிர்த்து எழுத மருத்துவமனையும் ஒருவரை நியமிக்கிறது. அவர் மீட்டுத் தரும் தொகை மருத்துவமனைக்கு லாபம். இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் உழைக்கிறார்கள். நடுவில் ஒரு நோயாளிக்குக்கூடக் கூடுதலாக ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது நாற்காலியில் இருந்தவள் நான். மாதக் கடைசியில் நான் மீட்டுத் தந்த தொகையைக் கூட்டிப் பாராட்டுவார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால், எதிர் நாற்காலி இல்லாமல் இருந்தால் என் நாற்காலியும் தேவையில்லையே என்று தோன்றும்.

அமெரிக்கா இதற்குச் சட்டமே போடவேண்டி வந்தது. 2010இல் வந்த சட்டத்தின்படி, காப்பீட்டு நிறுவனம் வாங்கும் பிரீமியத்தில் 80 விழுக்காட்டையாவது மருத்துவத்துக்கும் அதன் தரத்துக்கும் செலவிடவேண்டும். பெரிய நிறுவனங்களின் குழுக் காப்பீடு என்றால் 85. குறைந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தானாகவே வெட்டிவிடும் என்றால் இந்தச் சட்டத்துக்கு வேலை என்ன?

அதே நேரம், அரசு என்றால் தானாகக் குறைந்துவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும். இரண்டிலும் 1948இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவைதான், இரண்டிலும் வரிப்பணம்தான். 1991 முதல் அங்கே ஒரு மாற்றம் செய்தார்கள்: சிகிச்சையை வாங்கும் அமைப்பு ஒன்று, விற்கும் மருத்துவமனை ஒன்று என்று அரசுக்குள்ளேயே இரண்டாகப் பிரித்தார்கள். ஸ்காட்லாந்து பின்னர் அதைக் கைவிட்டுப் பழையபடி ஒரே அமைப்பாக்கிக்கொண்டது. இங்கிலாந்து தொடர்ந்தது. நான் முன்பு சொன்ன மருத்துவமனை ஒப்பீட்டில் ஸ்காட்லாந்து 12 விழுக்காட்டுக்குள் நிற்க, இங்கிலாந்து 15ஐத் தாண்டியது. இரண்டுமே அரசு மருத்துவமனைகள். ஒருவருக்கொருவர் பில் போடத் தொடங்கிய இடத்தில் காகிதம் பெருகியது.

மறுபக்கம் ஜெர்மனியைப் பாருங்கள். 1883இல் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கிய நோய்க் காப்பீட்டு நிதியங்கள் இன்றும் நூறுக்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன. அரசுத் துறைகள் அல்ல, தம்மைத் தாமே நிர்வகிக்கும் அமைப்புகள். ஆனால் எல்லா நிதியத்துக்கும் ஒரே வகை அட்டை, ஒரே கட்டணப் பட்டியல். மருத்துவர் காலாண்டுக்கு ஒருமுறை தம் வட்டார மருத்துவர் சங்கத்துக்குக் கணக்கை அனுப்பிவிடுகிறார். நோயாளி பில்லைப் பார்ப்பதே இல்லை. அதே ஊரில், அதே மருத்துவரிடம், தனியார் காப்பீடு வைத்திருக்கும் பத்தில் ஒருவர் போனால் சந்திப்புக்கு நாள் சீக்கிரம் கிடைக்கும். வீட்டுக்குப் பில்லும் வரும். கட்டிவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தைத் திரும்பப் பெறவேண்டியது அவர் பொறுப்பு. உங்கள் பாடப்புத்தகத்தில் “உரிமையாளர் யார்” என்று ஒரு பத்தி இருக்குமே, அதற்குப் பக்கத்தில் “பில் எத்தனை பேருக்குப் போகிறது” என்றும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஓர் அட்டைக்குள் அடக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: அட்டைக்குப் பின்னால் ஒரே விதி இருந்தால் தீரும். பிரான்சில் 1998இல் மருத்துவக் காப்பீட்டுக்கான பச்சை அட்டை வருவதற்குமுன், பழுப்பு நிறத் தாளில் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் அனுப்பினால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். தைவான் 1995இல் தொழிலாளர், விவசாயி, அரசு ஊழியர் என்று தனித்தனியாக இருந்த காப்பீடுகளை ஒன்றாக்கியது. மின்னணு அட்டை அதற்குப் பின்னால்தான் வந்தது. அந்த வரிசையைக் கவனியுங்கள். நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையிலும் அட்டைகள் இருந்தன. 20 நிறுவனத்துக்கு 20 அட்டை, 20 இயந்திரம்.

கேள்வி: நீங்கள் அரசுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். என் தம்பி வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது, கட்டண விலக்குக்கு வருமானச் சான்று கொண்டுவா, அதில் முத்திரை கொண்டுவா என்று மூன்று நாள் அலைக்கழித்தார்கள். தனியார் மருத்துவமனையாவது பணத்தைக் கட்டினால் உள்ளே விடும். அரசு மருத்துவமனை ஏழையை ஏழை என்று நிரூபிக்கச் சொல்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (ஓட்டுநர்)

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

பதிவேட்டு அறையில் என் மூன்றாம் ஆண்டு. எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர், மனைவியின் கட்டண விலக்குப் படிவத்தோடு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை மட்டும் மை போதாமல் மங்கியிருந்தது. பெயரைப் படிக்க முடியவில்லை. மங்கிய முத்திரையை ஏற்கக்கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. புதிதாக வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் வீடு இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். நான்கு நாள் கழித்து, நல்ல கறுப்பாக விழுந்த முத்திரையோடு வந்து, படிவத்தை இரண்டு கையாலும் நீட்டி, “இப்போது சரியாக இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். சரியாக இருந்தது. அந்த ஆண்டுத் தணிக்கைக்கு வந்தவர் விலக்குப் படிவங்களைக் கட்டோடு எடுத்து எண்ணினார். எண்ணிக்கை பதிவேட்டோடு பொருந்தியதா என்று பார்த்தார். ஒரு முத்திரையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பெரியவரின் நான்கு நாள் எதற்காகப் போனது என்று அன்று என் இருக்கையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மங்கிய முத்திரை வந்தால், படிவத்தின் ஓரத்தில் “முத்திரை மங்கல், நேரில் விசாரித்து ஏற்றுக்கொண்டேன்” என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். வேலை போகவில்லை. முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் பட்ட தொல்லை உலகம் முழுவதும் உண்டு. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், வருமானம் குறைந்தோர் என்று விலக்குப் பட்டியல் நீளமானது. மருந்துக் கடைகளில் கொடுக்கப்படும் மருந்துகளில் பத்தில் ஒன்பது இலவசமாகவே போகின்றன. தவறாக விலக்குக் கேட்டவர்களைப் பிடிப்பதற்காக 2014 முதல் அபராதக் கடிதங்கள் அனுப்பத் தொடங்கினார்கள். 2019இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் எண்ணிப் பார்த்தது: மருந்துக்கும் பல் சிகிச்சைக்குமாகச் சேர்த்துச் சுமார் 17 இலட்சம் அபராதங்கள், பெற்றவர் எதிர்த்துக் கேட்டு, உண்மையிலேயே விலக்குக்கு உரியவர் என்று உறுதியானபின் திரும்பப் பெறப்பட்டிருந்தன. எதிர்த்துக் கேட்கத் தெரியாமல் கட்டிவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. கட்டணம் போனதும் விலக்குப் படிவம் போனது, சரிபார்ப்பும் போனது, அபராதமும் போனது.

தனியார் காப்பீட்டின் முன் அனுமதிக்கும் அரசின் வருமானச் சான்றுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. இரண்டும் நோயாளி ஏமாற்றக்கூடும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு தொடங்குகின்றன. சோதிக்கத்தான் வேண்டும் என்றால் அந்த வேலையைச் சோதிப்பவர் செய்யட்டும். எஸ்டோனியாவில் ஒரே தகவலைச் சேகரிக்க அரசுத் துறைகள் தனித்தனித் தரவுத்தளம் வைத்துக்கொள்வதைச் சட்டமே தடுக்கிறது. ஒரு துறையிடம் இருப்பதை இன்னொரு துறை தானே கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். உங்கள் தம்பியின் வருமானம் அரசின் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரியும். அதை இன்னோர் அலுவலகத்துக்குச் சுமந்து போகும் வேலையை வலியில் இருப்பவருக்குக் கொடுத்தது தவறு. அந்த வேலையை அவருக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

கேள்வி: பன்னிரண்டு மணி நேரப் பணியில் நோயாளியைத் தொடும் நேரத்தைவிட எழுதும் நேரம் கூடிவிட்டது. இந்தக் காகிதங்களையெல்லாம் ஒழித்துவிட்டால் என்ன? (செவிலியர்)

பதில்: மகளே, ஒழிக்கவேண்டாம்; பிரிக்கவேண்டும். உன் துறையின் முன்னோடி நைட்டிங்கேல் 1863இல் எழுதியது என்ன தெரியுமா? எங்கு விசாரித்தும், மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த பதிவேடு ஏறக்குறைய எங்கேயும் கிடைக்கவில்லை என்பதுதான். எழுதாத மருத்துவமனையில் யார் எதனால் இறந்தார்கள் என்று தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் 19 வரிதான். மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், அரங்கை விட்டு நோயாளியை வெளியே கொண்டுபோவதற்கு முன் என மூன்று முறை நின்று, அந்த வரிகளை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் செய்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள்: அறுவைக்குப் பின் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு இறங்கியது. ஒரே ஒரு தாள்!

மற்றொரு வகைக் காகிதம் இருக்கிறது. நோயாளி அதனால் குணமாவதில்லை. யாரோ ஒருவர் பணம் கொடுப்பதற்காக எழுதப்படுவது. அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் ஒரே நிறுவனத்தின் கணினிப் பதிவேட்டைப் பயன்படுத்தும் மருத்துவப் பணியாளர்களை 2021இல் ஒப்பிட்டார்கள். அமெரிக்கர்கள் ஒரு நாளில் சராசரியாக 90 நிமிடம் அதில் செலவிட்டார்கள், மற்றவர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மென்பொருள் ஒன்றே என்பதால் கணினியைக் குறைசொல்ல முடியாது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு வாரம், நீ நிரப்பும் ஒவ்வொரு படிவத்தின் பெயரையும் எழுதி, எதிரே அடுத்த பணிநேரத்தில் வரும் செவிலியர் அதைப் படிப்பாரா என்று ஆம், இல்லை போடு. “இல்லை” விழுந்தவற்றை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோ. நாங்கள் பதிவேட்டு அறையில் அப்படித்தான் ஒருமுறை 31 படிவங்களை 12 ஆக்கினோம்.

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்கான காப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். “முன்பே இருந்த நோய்” என்று ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது. எதிர்த்துப் பயன் உண்டா?

பதில்: உண்டு. எழுதுங்கள், இன்றே எழுதுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஒரு பிரிவு இருக்கிறது. 2022இல் அங்கே முன் அனுமதி மறுக்கப்பட்டவற்றில் பத்தில் ஒன்றுக்குத்தான் மேல்முறையீடு போனது. போனவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் முழுமையாகவோ பகுதியாகவோ நோயாளிக்குச் சாதகமாக மாறின. மீதி ஒன்பது பேர் மௌனமாக இருந்துவிட்டார்கள். என் மேசையிலும் இதையே பார்த்தேன்: முதல் நிராகரிப்போடு பெரும்பாலோர் சோர்ந்துவிடுவார்கள்.

முதலில், பாலிசியின் எந்த விதியின்படி நிராகரித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வது போதாது. அடுத்து, டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்து, “நோய் வரலாறு” என்ற பத்தியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பெரும்பாலான தகராறுகள் அந்தப் பத்தியில்தான் பிறக்கின்றன.

என் வீட்டிலேயே நடந்தது. என் கணவருக்கு அறுவை நடந்தபோது, சுருக்கத்தில் “இரத்த அழுத்தம் 10 ஆண்டுகளாக” என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் 10 மாதம். இரவு இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில் இருந்த பயிற்சி மருத்துவர் கேட்க, வலியில் இருந்தவர் சொல்ல, தவறு நேர்ந்திருக்கிறது; அவர்களைக் குறைசொல்லமாட்டேன். நூற்றுக்கணக்கான சுருக்கங்களில் இந்தப் பத்தியைத் திருத்தி வாங்கியவள் நான். என் கணவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பதற்றத்தில் அதைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்று சொல்லிக் கோரிக்கையை நிராகரித்தார்கள். முதல் மாத்திரைச் சீட்டு, பழைய பரிசோதனை அறிக்கைகள், குடும்ப மருத்துவரின் கடிதம், மருத்துவமனையின் திருத்தச் சான்று ஆகியவற்றைத் திரட்டி வெல்வதற்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அவருக்கு நடைப்பயிற்சிக்குத் துணைபோக எனக்கு நேரம் கிடைத்ததில்லை. பணம் திரும்பி வந்தது. அந்த நடைகள் வரவில்லை.

ஆகவே, கட்டிலை விட்டு இறங்குமுன் அந்தப் பத்தியைப் படித்து, தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் திருத்துவது மிகக் கடினம். பேசிய ஒவ்வொருவரின் பெயர், தேதி, நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூலப் பிரதிகளை அனுப்பும் முன் நகல் எடுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு நாள் இருக்கும்; அதைக் கடிதத்தில் தேடிப் பிடித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அரசு மையத்தில் வரிசை, தனியாரில் காப்பீட்டுக் கடிதம், இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். நான் வேலைக்குப் போகவில்லை என்பதால் இது என் பொறுப்பு என்று அண்ணன்கள் இருவரும் சொல்கிறார்கள். சில நாள் ஃபைலைப் பார்த்தாலே அழுகை வருகிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: மகளே, 31 ஆண்டுகளில் என் கவுண்ட்டருக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மகள், மருமகள், மனைவி. இதை எந்த நாட்டின் மருத்துவச் செலவுக் கணக்கிலும் காட்டுவதில்லை. நீ செய்வது வேலை. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததையே நீ சம்பளமின்றிச் செய்கிறாய். உனக்கு அழுகை வருவது பலவீனத்தால் அல்ல, களைப்பால்.

மருத்துவமனைக்கு உடன்போவதை உன்னால்தான் செய்ய முடிகிறது என்றால் அதை நீ வைத்துக்கொள். கடிதங்களை அண்ணன்களிடம் கொடுத்துவிடு. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பேச, மின்னஞ்சல் அனுப்ப, நிலுவையை விசாரிக்க ஒருவர் வீட்டிலேயே இருக்கவேண்டியதில்லை. வேலை இடைவேளையில் செய்யலாம். ஃபைலை இரண்டாகப் பிரி. பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டு, டயாலிசிஸ் குறிப்பு உன்னிடம். பாலிசி, பில், ரசீது, கடிதம் எல்லாம் பெரிய அண்ணனிடம். காப்பீட்டு நிறுவனத்தின் தொடர்பு எண்ணாக உன் எண்தான் பதிவாகியிருக்கும். அதை மாற்றி அவர் எண்ணைக் கொடு. அந்த மாற்றத்துக்கும் ஒரு படிவம் இருக்கும். அதை மட்டும் நீ நிரப்பிவிடு.